20 சதவீத போனஸ் ஏன் 8 சதவீதமாகக் குறைந்தது? சேதக் கணக்கு பற்றி ஒரு கேள்வி

மழைக்குருவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ரோல்-பிளேயிங் கேம்களில் சேதம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதில் எனக்கு வெகுநாட்களாக ஒரு குழப்பம் இருந்து வருகிறது. நான் ஆடும் கேமின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதே குழப்பம் வேறு இரண்டு கேம்களிலும் எனக்கு நேர்ந்ததால், எந்தக் கேமுக்கும் பொருத்திப் பார்க்கக்கூடிய ஒரு விளக்கமே எனக்குத் தேவைப்படுகிறது.

என் கதாபாத்திரத்தின் வாளுக்கு அடிப்படைச் சேதம் 100. ஸ்கில் ட்ரீயிலிருந்து (புள்ளிகளைச் செலவிட்டுத் திறன்களைப் பெறும் பட்டியல்) 80 சதவீதம், மோதிரத்திலிருந்து 40 சதவீதம், கழுத்தணியிலிருந்து 30 சதவீதம் எனச் சேத போனஸ் ஏற்கெனவே இருந்தது. பயிற்சி பொம்மையை அடித்தபோது 250 என்ற எண் வந்தது. அதன்பின் ஐந்து லெவல்களுக்கான புள்ளிகளைச் செலவிடாமல் சேர்த்து வைத்து, 'வாள் சேதம் 20 சதவீதம் கூடும்' என்ற திறனைப் பெற்றேன். 250இல் 20 சதவீதம் 50 என்பதால், இனி 300 வரும் என்று உறுதியாக நம்பினேன். ஆனால் 270தான் வந்தது. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தும் அதே 270தான். திறனின் விளக்கம் தவறா, அல்லது என் கணக்கு தவறா?

இன்னொரு ஐயமும் உண்டு. எந்தப் போனசும் இல்லாத ஒரு புதிய கதாபாத்திரத்தை உருவாக்கி, ஒரு சம்மட்டியையும் ஒரு குறுவாளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். சம்மட்டி நொடிக்கு ஒரு முறை 100 சேதம் தருகிறது. குறுவாள் நொடிக்கு இரண்டு முறை 50 வீதம் தருகிறது. பயிற்சி பொம்மையிடம் இரண்டும் ஒன்றே. ஆனால் இரும்புக் கவசம் அணிந்த காவலனை அடித்தபோது, சம்மட்டி 60 சேதமும் குறுவாள் ஒவ்வோர் அடிக்கும் வெறும் 10 சேதமும் தந்தன. காட்டப்படும் எண்கள் ஒன்றாக இருந்தும் பலன் இவ்வளவு மாறுவது ஏன்?

சில அடிகள் தற்செயலாக வழக்கத்தைவிட அதிகச் சேதம் தருவதைக் கிரிட்டிகல் என்கிறார்கள்; அது நேரும் கிரிட்டிகல் வாய்ப்பு, அதனால் கூடும் கிரிட்டிகல் சேதம் ஆகிய இரண்டில் எதை முதலில் வளர்ப்பது என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழையவாள் எழுதியது:

வணக்கம் நண்பரே. உங்கள் திறனின் விளக்கமும் தவறில்லை, கேமின் கணக்கும் தவறில்லை. 20 சதவீதம் என்பது எதன்மேல் 20 சதவீதம் என்பதில்தான் செய்தி இருக்கிறது. நீங்கள் அதை 250இன் மேல் வைத்துக் கணக்கிட்டீர்கள். கேமோ அடிப்படைச் சேதமான 100இன் மேல் வைத்துக் கணக்கிட்டிருக்கிறது. 80, 40, 30 ஆகிய மூன்றும் முதலில் ஒன்றாகக் கூட்டப்பட்டு 150 ஆகின்றன. அந்தக் கூட்டுத்தொகையில் புதிய 20உம் போய்ச் சேர்ந்து 170 ஆகிறது. 100ஐ 2.7ஆல் பெருக்கினால் 270. முன்பு 250 அடித்த கை இப்போது 270 அடிக்கிறது என்றால், உண்மையான வளர்ச்சி 8 சதவீதம்.

இதை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். புதிய போனசை, ஏற்கெனவே உள்ள போனஸ்களின் கூட்டுத்தொகையோடு 100ஐச் சேர்த்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். உங்களுக்கு அது 20 ÷ 250. இதே திறனைக் கேமின் தொடக்கத்தில், வேறு எந்தப் போனசும் இல்லாதபோது எடுத்திருந்தால், முழு 20 சதவீதமும் கிடைத்திருக்கும்.

எல்லாப் போனஸ்களும் இப்படிக் கூட்டப்படுவதில்லை; சில தனியாகப் பெருக்கப்படும். பாத் ஆஃப் எக்ஸைல் கேமில் இந்த வேறுபாட்டைச் சொல்லிலேயே வைத்திருக்கிறார்கள். 'இன்கிரீஸ்டு' என்று எழுதப்பட்ட போனஸ்கள் எல்லாம் ஒன்றோடொன்று கூட்டப்படும். 'மோர்' என்று எழுதப்பட்டவை ஒவ்வொன்றும் தனித்தனியே பெருக்கப்படும். அந்தக் கேமை முதன்முதலாக ஆடியபோது இரண்டு சொற்களையும் ஒரே பொருளில் படித்துவிட்டு, பல வாரங்கள் தவறான திறன்களையே எடுத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு 15 சதவீதத்தைப் பெருக்கித் தரும் ஒரு திறன் கிடைத்திருந்தால், 250 × 1.15 என 287.5 வந்திருக்கும். எண்ணில் சிறிய 15, எண்ணில் பெரிய 20ஐ வெல்வது இப்படித்தான்.

சொல்லில் வேறுபாடு காட்டாத கேம்களே அதிகம் என்பதால், சோதித்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. நீங்கள் செய்ததுபோல, கவசமில்லாத ஓர் இலக்கை வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி அடித்துப் பாருங்கள்.

அத்துடன் ஒரு கேள்வி. சதவீதமாக இல்லாமல், 'சேதம் +25' என்பதுபோல நேரடி எண்ணாகப் போனஸ் தரும் பொருள் ஏதேனும் உங்களிடம் இருக்கிறதா? பல கேம்களில் அது அடிப்படைச் சேதத்தோடு சேர்ந்து, அதன்பின் சதவீதங்களால் பெருக்கப்படும். உங்களைப்போல் சதவீதங்களை நிறையச் சேர்த்துவிட்டவர்களுக்கு அத்தகைய பொருளின் மதிப்பு, பார்ப்பதற்குத் தெரிவதைவிடப் பல மடங்கு அதிகம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பழையவாள் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். குறுவாள் பற்றிய ஐயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் தேவையான சான்றை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். 100 சேதம் 60 ஆனது, 50 சேதம் 10 ஆனது. இரண்டிலும் குறைந்தது சரியாக 40. ஆகவே, உங்கள் கேம் கவச மதிப்பைச் சேதத்திலிருந்து அப்படியே கழிக்கிறது; அந்தக் காவலனின் கவசம் 40. சம்மட்டி நொடிக்கு ஒரு முறைதான் அந்த 40ஐ இழக்கிறது, குறுவாளோ இரண்டு முறை இழக்கிறது. வேகமான, சிறிய அடிகள் கழித்தல் முறைக் கவசத்தின் முன் தோற்றுப்போவதற்கு இதுவே காரணம்.

கழித்தல் முறை மிகப் பழையது, எளியது. ஃபயர் எம்பளம் தொடர் தாக்குதல் மதிப்பிலிருந்து தற்காப்பு மதிப்பைக் கழித்தே சேதத்தைக் கணக்கிடுகிறது. ஆடுபவர் ஒவ்வொரு நகர்வையும் மனத்திலேயே கணக்கிட்டுப் பார்க்க முடிவதால், அந்த வகைக் கேமுக்கு இது மிகவும் பொருந்துகிறது. ரோல்-பிளேயிங் கேம்களை உருவாக்க உதவும் ஆர்.பி.ஜி. மேக்கர் மென்பொருளின் அண்மைப் பதிப்புகளில் வழக்கமான தாக்குதலுக்கு முன்கூட்டியே தரப்பட்டிருக்கும் சூத்திரமும் இதே வகைதான்: தாக்குதலின் 4 மடங்கிலிருந்து தற்காப்பின் 2 மடங்கைக் கழிக்க வேண்டும். தாக்குதல் 30, தற்காப்பு 50 என்றால் 120 − 100, அதாவது 20 சேதம். தாக்குதல் 33 ஆனால் 132 − 100, அதாவது 32 சேதம். தாக்குதல் 10 சதவீதம் கூடியதற்குச் சேதம் 60 சதவீதம் கூடிவிட்டது. எதிரியின் கவசத்தை இப்போதுதான் தாண்டத் தொடங்கியிருக்கும் நிலையில், சிறிய போனஸ்கூட அத்தனை பெரிய பலனைத் தரும்.

வேறு சில கேம்கள் கழிக்காமல் வகுக்கின்றன. முதல் பாத் ஆஃப் எக்ஸைலில், கவச மதிப்பை, அந்தக் கவச மதிப்போடு அடியின் சேதத்தின் 5 மடங்கைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்தால், எவ்வளவு சேதம் தடுக்கப்படும் என்பது கிடைக்கும். 5000 கவசம், 1000 சேதமுள்ள ஓர் அடியில் பாதியைத் தடுக்கும். 200 சேதமுள்ள அடியில் 83 சதவீதத்தைத் தடுக்கும். 5000 சேதமுள்ள அடியில் 17 சதவீதத்துக்கும் குறைவாகவே தடுக்கும். கழித்தல் இல்லாமலேயே இங்கும் சிறிய அடிகள்தான் அதிகம் பாதிக்கப்படுகின்றன. அடியின் அளவைப் பார்க்காமல், எல்லாவற்றையும் ஒரே சதவீதத்தில் குறைக்கும் கேம்களும் உண்டு. அவற்றில் சம்மட்டிக்கும் குறுவாளுக்கும் வேறுபாடு இருக்காது. அவற்றில் கவசத்தைக் கூட்டக் கூட அதன் பலன் குறைந்துகொண்டே போகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இனி உங்கள் 20 சதவீதத் திறனுக்கு வருகிறேன். கவசம் எந்தக் கட்டத்தில் கழிக்கப்படுகிறது என்பதை அறியாமல் அந்தத் திறன் நல்லதா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது. எல்லாப் போனஸ்களும் பெருக்கப்பட்ட பின்பு கவசம் கழிக்கப்பட்டால், காவலனிடம் உங்கள் வாள் 270 − 40, அதாவது 230 சேதம் தர வேண்டும். முதலில் கவசம் கழிக்கப்பட்டு, அதன்பின் போனஸ்கள் பெருக்கப்பட்டால், 60 × 2.7, அதாவது 162 வர வேண்டும். முதல் முறை என்றால், 200 கவசமுள்ள ஒரு பெரிய எதிரியிடம் உங்கள் பழைய 250 வெறும் 50 ஆகவும், புதிய 270 என்பது 70 ஆகவும் இருக்கும்; பொம்மையிடம் 8 சதவீதமாகத் தெரிந்த திறன் அங்கே 40 சதவீதமாகப் பலன் தரும். இரண்டாம் முறை என்றால், எவரிடமும் அது 8 சதவீதம்தான். வாளை எடுத்துக்கொண்டு போய்க் காவலனை ஒரு முறை அடித்துவிட்டு, வந்த எண்ணைச் சொல்லுங்கள்.

பகடைமொழி எழுதியது:

கணக்குப்பிள்ளை அவர்களின் விளக்கம் மிகத் தெளிவானது. ஆயினும், கவசத்தைக் கூட்டக் கூடப் பலன் குறையும் என்று அவர் கூறியதை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. தடுக்கப்படும் சதவீதத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றும். எத்தனை அடிகளைத் தாங்க முடியும் என்று பார்த்தால் அப்படி இல்லை. தொடக்க கால வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில், கவசத்தை, கவசத்தோடு 400ஐயும் எதிரியின் லெவலின் 85 மடங்கையும் கூட்டி வரும் எண்ணால் வகுப்பார்கள். லெவல் 40 எதிரிக்கு அந்தக் கூடுதல் எண் 3800. ஆகவே 3800 கவசம் 50 சதவீதத்தைத் தடுக்கும், 7600 கவசம் சுமார் 67 சதவீதத்தைத் தடுக்கும், 11400 கவசம் 75 சதவீதத்தைத் தடுக்கும். 50, 67, 75 என்று பார்க்கும்போது பலன் சுருங்குவதுபோல் தெரிகிறது. ஆனால் கவசமே இல்லாமல் 10 அடிகளைத் தாங்குபவர், முறையே 20, 30, 40 அடிகளைத் தாங்குவார். ஒவ்வொரு 3800க்கும் அதே 10 அடிகள்தான் கூடுகின்றன; பலன் சிறிதும் குறையவில்லை. அந்தக் கேமில் 75 சதவீதமே உச்சவரம்பு என்பதால், அதற்குமேல் சேர்ப்பது மட்டுமே வீண். ஸ்கைரிமில் கவசத்தின் நான்கு பாகங்களையும் அணிந்தவருக்கு 567 என்ற கவச மதிப்பில் 80 சதவீத வரம்பு வந்துவிடுகிறது. இது தெரியாமல் அதற்குமேலும் கவசத்தை மெருகேற்றிக்கொண்டே இருந்தவர்கள் பலர்.

திறன் போனஸ் பற்றிப் பேசும்போது, பகடை உருட்டும் கேம்களையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. பால்டர்ஸ் கேட் 3 போன்றவற்றில் 20 பக்கப் பகடையில் விழும் எண்ணோடு உங்கள் போனஸ் கூட்டப்பட்டு, ஒரு குறிப்பிட்ட இலக்கை எட்டுகிறதா என்று பார்க்கப்படும். +2 என்றால் எப்போதும் 10 சதவீதப் புள்ளிகள்தான். ஆனால் 11 அல்லது அதற்குமேல் விழ வேண்டிய நிலையில் அது உங்கள் வெற்றி வாய்ப்பை 50இலிருந்து 60ஆக உயர்த்துகிறது. 19 அல்லது 20 விழுந்தால்தான் வெற்றி என்ற நிலையில் 10இலிருந்து 20ஆக, அதாவது இரட்டிப்பாக்குகிறது. இரண்டு பகடைகளை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளும் 'அட்வான்டேஜ்' இதற்கு நேர்மாறானது. பாதி வாய்ப்பு இருக்கும் இடத்தில் அது 50ஐ 75ஆக உயர்த்துகிறது. 10 சதவீத வாய்ப்பு இருக்கும் இடத்தில் 19ஆக மட்டுமே உயர்த்துகிறது. ஆகவே கடினமான இலக்குக்கு நேரடி போனசும், நடுத்தரமான இலக்குக்கு அட்வான்டேஜும் அதிகம் உதவும்.

பழையவாள் சொன்ன கூட்டல் வழக்கம் கணினிக்கு மட்டும் உரியதன்று. மேசையில் பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின், 2000இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பின் விதிப்படி, ஒரே சேதத்தை இரண்டு தனித்தனிக் காரணங்கள் இரட்டிப்பாக்கினால், விளைவு நான்கு மடங்கு அன்று, மூன்று மடங்குதான்.

நீலத்தழல் எழுதியது:

கிரிட்டிகல் பற்றிய பகுதிக்கு இன்னும் யாரும் விடை தரவில்லை என்பதால் எழுதுகிறேன். நீண்ட சண்டையில் சராசரிச் சேதத்தை அறிய, கிரிட்டிகல் வாய்ப்பைக் கிரிட்டிகலால் கூடும் சேதத்தோடு பெருக்கி, 1ஐக் கூட்ட வேண்டும். கென்ஷின் இம்பாக்ட் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பொருள்களில் கிடைக்கும் 1 சதவீத வாய்ப்புக்கு ஈடாக 2 சதவீதக் கிரிட்டிகல் சேதம் கிடைக்கும். வாய்ப்பு 60, சேதம் 120 என்றால் சராசரிப் பெருக்கல் 1.72. அதே அளவு புள்ளிகளை மாற்றி, வாய்ப்பு 30, சேதம் 180 என்றோ, வாய்ப்பு 90, சேதம் 60 என்றோ வைத்தால் இரண்டிலும் 1.54தான் வருகிறது. ஒன்றை மட்டும் வளர்ப்பதைவிட, விலை விகிதத்துக்கு ஏற்ப இரண்டையும் சேர்த்து வளர்ப்பதே மேல். உங்கள் கேமில் அந்த விலை விகிதம் என்ன என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்ப்பு 100ஐத் தாண்டினால் வீண். ஒரே அடியில் சாகும் சிறு எதிரிகளிடம் கிரிட்டிகலே தேவையில்லை.

கூட்டலும் பெருக்கலும் எந்த வரிசையில் நடக்கின்றன என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குப் போக்கிமான் நல்ல எடுத்துக்காட்டு. லெவலின் 2 மடங்கை 5ஆல் வகுத்து 2ஐக் கூட்டி, அதை நகர்வின் வலிமையாலும் தாக்குதலாலும் பெருக்கி, தற்காப்பால் வகுத்து, பின் 50ஆல் வகுத்து, 2ஐக் கூட்டுகிறார்கள். லெவல் 50, வலிமை 80, தாக்குதல் 120, தற்காப்பு 100 என்றால் 44.24 வரும். கேம் பின்னத்தை விட்டுவிட்டு 44 என்று எடுத்துக்கொள்கிறது. அதன்பின் 85 முதல் 100 வரையுள்ள 16 முழு எண்களில் ஒன்று தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அந்தச் சதவீதத்தால் பெருக்கப்படுகிறது. தன் வகையைச் சேர்ந்த நகர்வு என்றால் 1.5ஆலும், எதிரியின் வகைக்கு எதிராக வலுவானது என்றால் 2ஆலும் பெருக்கப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் பின்னம் விடப்படுவதால், இந்த அடி குறைந்தது 110, அதிகம் 132 சேதம் தரும். போட்டிகளில் ஆடுபவர்கள் ஓர் அடியில் எதிரி விழுமா என்பதைக் கணக்கிடும்போது, இந்தப் பின்னங்களைக்கூட விடாமல் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

அதே கேமில், உங்கள் 8 சதவீதச் சிக்கலும் வேறு வடிவத்தில் இருக்கிறது. 'ஸ்வோர்ட்ஸ் டான்ஸ்' என்ற நகர்வை முதல் முறை செய்தால் தாக்குதல் 2 மடங்காகும். இரண்டாம் முறை செய்தால் தொடக்க மதிப்பின் 3 மடங்கு. மூன்றாம் முறை 4 மடங்கு. அதாவது முதல் ஆட்டம் சேதத்தை இரட்டிப்பாக்க, இரண்டாவது ஒன்றரை மடங்கே தருகிறது. மூன்றாவதற்காக ஒரு முறையை இழப்பது பெரும்பாலும் தகாது.

மழைக்குருவி எழுதியது:

இவ்வளவு பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கணக்குப்பிள்ளை அவர்கள் சொன்னபடி காவலனை வாளால் அடித்துப் பார்த்தேன், 162 வந்தது. ஐந்து முறை அடித்தும் மாறவில்லை.

பழையவாள் கேட்டதுபோன்ற ஒரு பொருளும் என்னிடம் இருக்கிறது. 'வாள் சேதம் +25' என்று எழுதிய ஒரு மோதிரம் பெட்டியில் கிடக்கிறது. 40 சதவீத மோதிரத்துக்கு முன் அது எம்மாத்திரம் என்று நினைத்து, விற்கும் எண்ணத்தில் வைத்திருந்தேன். இரண்டில் ஒன்றைத்தான் அணிய முடியும். மாற்றிப் பார்க்கலாமா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

முதலில், பகடைமொழி அவர்களின் திருத்தத்தை நன்றியோடு ஏற்கிறேன். தாங்கும் அடிகளை எண்ணிப் பார்த்தால் அவர் சொன்னதே சரி.

162 என்றால், உங்கள் கேம் கவசத்தை முதலில் கழித்துவிட்டுப் பிறகுதான் பெருக்குகிறது. எனவே சதவீத போனஸ் எதுவும் கவசத்தைத் துளைக்க உதவாது. அடிப்படைச் சேதத்தை உயர்த்துவது மட்டுமே உதவும். மோதிரத்தை மாற்றினால் அடிப்படை 125 ஆகும், சதவீதக் கூட்டுத்தொகை 170இலிருந்து 130ஆகக் குறையும். பொம்மையிடம் 125 × 2.3, அதாவது 287.5 வரும், இப்போதைய 270ஐவிட 6 சதவீதத்துக்குச் சற்று அதிகம். காவலனிடம் 85 × 2.3, அதாவது 195.5 வரும், இப்போதைய 162ஐவிட 20 சதவீதத்துக்கும் அதிகம். கவசம் கூடக் கூட இந்த இடைவெளி விரியும். +25 அடிப்படைச் சேதத்தில் சேராமல் கடைசியில் கூட்டப்படுவதாக இருந்தால் மட்டும் என் கணக்கு பொய்த்துப் போகும். அப்போது பொம்மையிடம் 255தான் வரும், நீங்கள் பழைய மோதிரத்துக்கே திரும்பிவிடலாம்.

மழைக்குருவி எழுதியது:

மாற்றிப் பார்த்துவிட்டேன். பொம்மையிடம் 287, காவலனிடம் 195. இரண்டிலும் அரைப் புள்ளியைக் கேம் விட்டுவிடுகிறது; நீலத்தழல் அவர்கள் சொன்ன பின்னக் கணக்கு இங்கும் பொருந்துகிறது. 20 சதவீதத் திறனை இன்று திரும்பக் கொடுத்துவிட்டு, அதே புள்ளிகளுக்கு அடிப்படைச் சேதத்தை 15 கூட்டும் திறனை எடுக்கப்போகிறேன். அப்போது அடிப்படை 140, கூட்டுத்தொகை 110. காவலனிடம் 100 × 2.1, அதாவது 210 வர வேண்டும் என்று நானே கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.